இணையத்தில் முகம் மறைத்தல்: திரைக்குப் பின்னால் நிற்பவர் யார்?

கரும்புக்கடையில் குடியிருக்கும் உறவுக்காரச் சகோதரி ஒருவர் சில மாதங்களுக்கு முன் தம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எங்கள் இல்லத்திற்கு வந்தார். ஸலாம் சொல்லி அமர்ந்தவர், தேநீரைக்கூடத் தொடாமல் பேசியை என் கையில் கொடுத்தார். அவருடைய கணவர் துபாயில் பணிபுரிகிறார். அந்நாட்டில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம். ஆனால் குரல் அழைப்பும் காணொளி அழைப்பும் நெடுங்காலமாகத் தடுக்கப்பட்டிருக்கின்றன. அறையில் உடன் தங்கியிருக்கும் நண்பர் சொல்லக் கேட்டு, இலவச வி.பி.என். செயலி ஒன்றைக் கணவர் தம் பேசியில் பதித்துக்கொண்டார். ஊரிலிருக்கும் மனைவியையும் பதிக்கச் சொன்னார். அன்றிலிருந்து பிள்ளைகள் தினமும் அத்தாவின் முகம் பார்த்துப் பேசி வந்தார்கள்.

மகிழ்ச்சிதான். ஆனால் பேசி எந்நேரமும் சூடாகிறது. காலையில் இருந்த டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. கேட்காத விளம்பரங்கள் வந்து நிற்கின்றன. வங்கிக் கணக்கும் அதே பேசியில்தான்.

"இதப் போட்டுட்டா நாம என்ன பாக்கறோம், என்ன பேசறோம்னு யாருக்கும் தெரியாதுன்னு அவங்க சொல்றாங்க. நெசந்தானுங்களாண்ணா?" என்று கேட்டார்.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாத கேள்வி அது. அன்று அவருக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் வாசக நேயர்களுக்காக இங்கே விரித்து எழுதுகிறேன்.

அனுப்புநர் பெயர் எழுதாமல் கடிதம் போட முடியும். அது போய்ச் சேர்ந்துவிடும். இணையத்தில் அது முடியாது. நாம் கேட்ட பக்கம் நம்மிடமே திரும்பி வர வேண்டுமாதலால், ஒவ்வொரு கோரிக்கையும் முகவரி தாங்கியே செல்கிறது. ஐ.பி. முகவரி எனப்படும் எண் அதுவே. அந்த எண்ணைக் கண்டவுடன் நம் பெயரும் வீட்டு எண்ணும் எதிரிலிருப்பவருக்குத் தெரிந்துவிடுவதில்லை. எந்த நிறுவனத்தின் இணைப்பு, ஏறத்தாழ எந்த ஊர் என்பதே தெரியும். ஆனால் எந்த நாளில், எந்த நேரத்தில், அந்த எண் எந்தச் சந்தாதாரரிடம் இருந்தது என்பதை இணைப்பு தரும் நிறுவனம் குறித்து வைத்திருக்கிறது.

இந்த முகவரியை வெளியே காட்ட விரும்பாதவர், தமக்குப் பதிலாக இன்னொருவரைக் கேட்டு வாங்கித் தரச் சொல்லலாம். அந்த இன்னொருவர்தான் பிராக்சி. தமிழில் பதிலி என்கிறார்கள். பக்கம் வைத்திருப்பவருக்குப் பதிலியின் முகவரி மட்டுமே தெரியும். வி.பி.என். என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. நமக்கும் பதிலிக்கும் இடைப்பட்ட வழியைச் சங்கேதமாக்கி மூடிவிடுவது அதில் கூடுதல்.

நம்மில் பலர் பெயர் தெரியாமலேயே பிராக்சியைப் பயன்படுத்தியிருக்கிறோம். வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்ட சில ஆண்டுகளில், கோவையில் காந்திபுரம் தொடங்கி உக்கடம் வரை பிரவுசிங் சென்டர்கள் பெருகின. ஒரே தொலைபேசி இணைப்பு, ஆறேழு கணினிகள். இது எப்படி நடந்தது? உரிமையாளரின் மேசையிலிருந்த கணினியில் 'வின்கேட்' போன்ற பிராக்சி மென்பொருள் ஒன்று ஓடியது. எல்லோருக்கும் வேண்டியதை அதுவே வெளியிலிருந்து வாங்கி வந்து, அவரவர் கணினிக்குப் பங்கிட்டது. எனக்குப் பழக்கமான ஒரு சென்டரில், மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்து, அட்டைத் தடுப்புக்குள் அமர்ந்து, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் அயல்நாட்டு வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தேன். பணம் கட்ட எழுந்தபோது உரிமையாளர் சிரித்தபடியே, "கத்தார் கம்பெனிக்கா போட்டீங்க?" என்றார். அவர் திரையில் ஒவ்வொரு கணினியும் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பது வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. கத்தாரில் இருந்தவருக்கு என்னைத் தெரியாது. பக்கத்து மேசையில் இருந்தவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தம் கையின் மேல் போட்டுக்கொள்வார், விற்பவர் அதற்குள் கையை விட்டு விரல்களைப் பிடித்து விலை சொல்வார், பிறகு வாங்குபவர். சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தரகருக்குத் தெரியும். இரு பக்கத்தின் விலையும் அவர் விரலில்தான் இருக்கிறது. பிராக்சியையும் வி.பி.என்.னையும் இதைவிடத் தெளிவாக விளக்கும் உவமை எனக்குக் கிடைக்கவில்லை. துண்டு ஊரார் கண்ணை மறைக்கிறது. தரகரின் கையை அல்ல. ஆகவே 'யாருக்கும் தெரியாது' என்பது பிழை. இதுவரை உள்ளூர் இணைப்பு நிறுவனம் பார்த்ததை இனி வேறொருவர் பார்ப்பார் என்பதே உண்மை. அவர் யார், எந்நாட்டவர், எதைக் கொண்டு வயிறு வளர்க்கிறார் என்பதையே நாம் கேட்க வேண்டும்.

தரகர்களின் கதை

இந்தத் தொழிலில் நல்லவர்களும் இருந்திருக்கிறார்கள். ஃபின்லாந்தைச் சேர்ந்த யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் 1993 முதல், பெயரை மறைத்துக் கடிதம் அனுப்பித் தரும் சேவையொன்றை நடத்தினார். இலட்சக்கணக்கானோர் அதைப் பயன்படுத்தினர். யாருடைய புனைபெயர் எந்த உண்மை முகவரிக்கு உரியது என்ற பட்டியல் அவரிடம் இருந்தது. கடிதங்களுக்குப் பதில் திரும்பி வர வேண்டுமாதலால் அது இருந்தே தீர வேண்டியிருந்தது. 1995இல் ஒரு புகாரின் பேரில் காவல் துறை வந்து நின்றபோது ஒருவரின் முகவரியை அவர் கொடுக்க நேர்ந்தது. மேலும் கேட்பார்கள் என்ற நிலையில், 1996 ஆகஸ்டில் சேவையையே மூடிவிட்டார். அமானிதமாக ஒப்படைக்கப்பட்டதைக் காக்க இயலாதபோது கடையைச் சாத்தியவர் அவர். எல்லோரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. 2011இல், பெயரை மொழிபெயர்த்து எழுதினால் இப்பத்திரிகையின் ஆசிரியர் கட்டாயம் அடித்துவிடக்கூடிய பிரிட்டன் வி.பி.என். நிறுவனம் ஒன்று, நீதிமன்ற ஆணைக்குப் பணிந்து தன் வாடிக்கையாளரின் பதிவுகளைக் கொடுத்தது. சோனி பிக்சர்ஸ் கணினிகளில் ஊடுருவிய இளைஞர் அதன் மூலம் பிடிபட்டார். குற்றவாளி பிடிபட்டது சரியே. 'உங்களை மறைப்போம்' என்று விளம்பரம் செய்தவரிடமும் குறிப்பேடு இருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இவை கட்டணம் வாங்கியோ, தொண்டாகவோ நடந்தவை. இலவசமாகக் கிடைப்பவற்றின் கதை வேறு. ஃபேஸ்புக் நிறுவனம் 2013இல் விலைக்கு வாங்கிய 'ஒனாவோ' என்ற நிறுவனத்தின் வி.பி.என். செயலி, பயனாளரைப் பாதுகாப்பதாகக் கூறிக்கொண்டே, அவர் வேறு எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார் என்பதைத் தன் முதலாளிக்குத் தெரிவித்து வந்தது. 2018இல் ஆப்பிள் நிறுவனத்தின் வற்புறுத்தலால் அது ஆப்பிள் கடையிலிருந்து நீங்கியது. அடுத்த ஆண்டே மூடப்பட்டது.

அதையும் மிஞ்சியது 'ஹோலா'. இலவசமாகத் தந்தவர்கள், அதைப் பதித்துக்கொண்டவர்களின் இணைப்பையே தம் துணை நிறுவனத்தின் வழியாகப் பிறருக்கு விற்று வந்தார்கள் என்பது 2015இல் வெளிச்சத்துக்கு வந்தது. யாரோ ஒருவர், எங்கிருந்தோ, நம் வீட்டு வாசல் வழியாக வெளியே போய் வருகிறார். தெருவிலிருப்போருக்கு நம் வீட்டு எண்தான் தெரிகிறது! 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறை '911 எஸ்5' என்ற கும்பலின் வலையைக் கலைத்தது. சில இலவச வி.பி.என். நிரல்களின் வழியே வீட்டுக் கணினிகளைக் கைப்பற்றி, 190க்கும் மேற்பட்ட நாடுகளில் 1 கோடியே 90 இலட்சம் ஐ.பி. முகவரிகளைத் திருடர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். முகம் மறைக்க வந்தவர்களின் முகத்தையே முகமூடியாக்கி விற்றிருக்கிறார்கள்.

கரும்புக்கடைச் சகோதரியின் பேசியில் இருந்த செயலி அத்தகையதுதான் என்று நான் சொல்லவில்லை. அது என் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் சூடும் டேட்டாத் தீர்வும் என்னை யோசிக்க வைத்தன.

இன்னொருவரின் செயல் நம் முகவரியில் பதிந்தால் என்ன ஆகும்? 2007 ஆகஸ்ட் இறுதியில் பெங்களூரில் ஒரு கணினிப் பொறியாளரைப் புனே காவல் துறையினர் அழைத்துச் சென்றனர். மன்னர் சிவாஜியை இழிவுபடுத்தும் படம் 'ஆர்குட்' தளத்தில் அவருடைய ஐ.பி. முகவரியிலிருந்து ஏற்றப்பட்டது என்பது குற்றச்சாட்டு. இணைப்பு நிறுவனம் தவறான சந்தாதாரரின் விவரத்தைக் கொடுத்துவிட்டது பிறகு தெரியவந்தது. அதற்குள் அந்த நிரபராதி ஏறத்தாழ 50 நாட்கள் சிறையில் கழித்திருந்தார். அடுத்த ஆண்டு, 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் வந்த மின்னஞ்சலின் முகவரியைத் தேடிச் சென்றவர்கள், நவி மும்பையில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டை அடைந்தனர். அவருடைய வைஃபை பூட்டப்படாமல் கிடந்தது. அதை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள்.

ஐ.பி. முகவரி மனிதர் அல்ல. வாசல் எண் மட்டுமே. ஆனால் வாசல் எண்ணைக் கொண்டே மனிதரை எடைபோடும் வழக்கம் உலகில் உண்டு. 1998க்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்நகரில் கோட்டைமேடு என்றோ உக்கடம் என்றோ முகவரி சொன்னவுடன் எதிரிலிருப்பவரின் முகம் மாறியதைக் கண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டு வைஃபைக்குக் கடவுச்சொல் இடாமல் விடுவதும், ஊர் பேர் தெரியாத இலவசச் செயலிக்கு வாசலைத் திறந்துவிடுவதும் மற்றவர்களுக்குச் சிறு கவனக்குறைவாக இருக்கலாம். நமக்கு அப்படியல்ல.

சட்டம் எங்கே நிற்கிறது?

'மறைப்பதற்கு என்ன இருக்கிறது? தவறு செய்பவர்தானே மறைப்பார்?' என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்பவரெல்லாம் உள்ளே திருட்டுப் பொருள் வைத்திருப்பவரல்லர். தனக்கு வந்த நோயைப் பற்றிப் படிக்கும் பெண், கணவனின் கொடுமைக்கு எங்கே முறையிடுவது என்று தேடும் பெண், முதலாளியின் முறைகேட்டை வெளியே சொல்ல விரும்பும் தொழிலாளி ஆகியோருக்குத் தனிமை வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

காக்க வேண்டியவரே கைவிட்டால் என்ன நேரும் என்பதை நம் மாவட்டம் 2019இல் கண்டது. பொள்ளாச்சிக் கொடுமையில் துணிந்து புகார் கொடுத்த மாணவியின் பெயர், காவல் துறை அதிகாரி ஒருவரின் செய்தியாளர் சந்திப்பிலும் அரசாணையிலும் வெளியானது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுத்திருந்தும் இது நடந்தது. அதற்காக 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அக்குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தப் பெயர் வெளியான நாட்களில் எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்!

இந்தியாவில் வி.பி.என். பயன்படுத்துவதைப் பொதுவாகக் குற்றமாக்கும் சட்டம் இல்லை. ஆனால் தரகரின் குறிப்பேடு குறித்து அரசு கண்டிப்பாக இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள், வருபவரின் அடையாள ஆவணத்தைப் பார்க்க வேண்டும், தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது, பார்த்த தளங்களின் விவரத்தையும் கடையிலுள்ள பிராக்சியின் பதிவுகளையும் ஓராண்டாவது காக்க வேண்டும் என்று கூறின. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த ஆணை, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், ஒதுக்கிய ஐ.பி. முகவரி முதலியவற்றை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்டு வி.பி.என். ஆகியவை அதை ஏற்காமல் இந்தியாவிலிருந்த தம் கணினிகளை அகற்றிக்கொண்டன.

இடத்துக்கு இடம் நிலைமை மாறும் என்பதையும் மறந்துவிடலாகாது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட இணையம் 2020 ஜனவரியில் குறைந்த வேகத்தில், அனுமதித்த தளங்களுக்கு மட்டும் திரும்பியபோது, மக்கள் வி.பி.என். வழியே மற்ற தளங்களைத் தொட்டனர். பிப்ரவரியில் ஸ்ரீநகர் சைபர் காவல் நிலையம் வழக்கே பதிந்தது. ஐக்கிய அரபு அமீரகத்திலோ, குற்றம் செய்யவோ குற்றம் வெளிப்படாமல் தடுக்கவோ போலி ஐ.பி. முகவரியைப் பயன்படுத்தினால், சிறைக்கும் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை அபராதத்துக்கும் சட்டம் இடமளிக்கிறது. மனைவி மக்களோடு பேசுவது குற்றமா என்று நாம் மனம் வெதும்பலாம். தடுக்கப்பட்ட ஒன்றைத் தடை தாண்டிப் பயன்படுத்துவதை அங்கிருப்போர் எப்படிக் கொள்வார்கள் என்பது நம் கையில் இல்லை. அறை நண்பர் இதைச் சொல்லவில்லை. செயலியும் சொல்லவில்லை.

துண்டு மறைக்காதவை

நல்ல தரகரே கிடைத்தாலும், முகவரி எண்ணை மட்டுமே அவர் மறைக்க முடியும். வி.பி.என்.னைப் போட்டுக்கொண்டு, அதன் பின் நம் பெயரிலுள்ள கூகுள் கணக்கிலோ ஃபேஸ்புக்கிலோ நுழைந்தால், முகத்தை மூடிக்கொண்டு பெயர்ப்பலகையைக் கழுத்தில் மாட்டியது போலாகும். தளங்கள் நம் கருவியில் விட்டுச் செல்லும் குக்கி என்னும் சிறு குறிப்புகளும், திரையின் அளவு, எழுத்துரு, மென்பொருளின் பதிப்பு ஆகியவற்றின் சேர்க்கையும் நம்மை அடையாளம் காட்டப் போதுமானவை.

குரோம் உலாவியின் 'மறைநிலை'யை நம்புவோர் பலர். வீட்டிலுள்ள மற்றவர் நாம் பார்த்ததைக் காணாமல் அது தடுக்கும், வெளியிலிருப்போரிடமிருந்து அல்ல. இது குறித்து 2020இல் அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், திரட்டிய கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

கல்லூரி விடுதிகளில் பிள்ளைகள் பயன்படுத்தும் பிராக்சித் தளங்களைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தின் முகவரியைத் தட்டினால் திறந்து காட்டுமே, அவை. இன்று பெரும்பாலான தளங்கள் சங்கேத வழியிலேயே இயங்குவதால், சாதாரண வி.பி.என். நடத்துபவர் நாம் எந்தத் தளத்துக்குச் சென்றோம் என்பதை அறிவாரே தவிர, உள்ளே தட்டியதை அறியார். எந்த மருத்துவரின் வாசலில் நின்றோம் என்பது தெரியும். உள்ளே என்ன சொன்னோம் என்பது தெரியாது. இந்தப் பிராக்சித் தளங்களிலோ மருத்துவரிடம் சொல்வதையும் தரகரிடம் சொல்லித்தான் அனுப்புகிறோம். கடவுச்சொல் உட்பட எல்லாம் அவர் கைபட்டே போகிறது.

பெரிய இடங்களிலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. டோர் என்றொரு அமைப்பு உண்டு. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. இன்று இலாப நோக்கற்ற அமைப்பொன்றின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு தரகருக்குப் பதில் மூன்று தரகர்கள்; முதலாமவருக்கு நம்மைத் தெரியும், நாம் போகுமிடம் தெரியாது; கடைசியானவருக்குப் போகுமிடம் தெரியும், நம்மைத் தெரியாது. மிக நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் 2007இல் டான் எகர்ஸ்டாட் என்ற சுவீடன் இளைஞர் அத்தகைய கடைசித் தரகராகத் தாமே சில கணினிகளை நிறுத்தி, சங்கேதமின்றித் திறந்தபடி சென்றவற்றைப் படித்தார். ஏறத்தாழ நூறு மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொற்கள் சிக்கின. பல நாட்டுத் தூதரகங்கள் அவற்றில் இருந்தன. இந்தியத் தூதரகங்களும் இருந்தன. தூதரகத்தாரே தடுமாறிய இடத்தில் விடுதி மாணவனைக் கடிந்து என்ன பயன்?

சகோதரிக்கு நான் சொன்னவை சிலவே. வாட்ஸ்அப்பில் பேசுவது 2016 முதல் இரு முனைகளுக்கும் இடையே சங்கேதமாகவே செல்கிறது. பேச்சைக் காக்க ஊரிலிருக்கும் அவருக்கு அந்தச் செயலி தேவையே இல்லை. அதை நீக்கினோம். வங்கிக் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் மாற்றினோம். வீட்டு வைஃபைக்குப் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லே இருந்தது, அதையும் மாற்றினோம். உண்மையில் தேவைப்படுவோர், யார் நடத்துகிறார்கள் என்பது வெளிப்படையாகத் தெரிந்த, கட்டணம் வாங்கிக்கொண்டு இயங்கும் சேவையை எடுப்பதே நலம் என்றும், வேண்டிய நேரத்துக்கு மட்டும் இயக்கிப் பின் நிறுத்திவிட வேண்டும் என்றும் சொன்னேன்.

அன்றிரவே துபாயிலிருந்து கணவர் அழைத்தார், சாதாரணத் தொலைபேசியில். அபராதத் தொகையைக் கேட்டதும் சற்று நேரம் பேச்சில்லை. "எங்க ரூம்ல எட்டுப் பேரும் அதத்தாண்ணா வெச்சிருக்கோம்" என்றார். பிறகு அந்நாட்டில் அனுமதி பெற்ற அழைப்புச் செயலி ஒன்றுக்கு மாதக் கட்டணம் கட்டிவிட்டதாகச் செய்தி அனுப்பினார். சகோதரியின் பேசி இப்போது சூடாவதில்லை. கடைக்குட்டிக்கு மட்டும் குறை: அத்தாவின் படம் நின்று நின்று வருகிறதாம்.